நாலரை மணி வாசகி

சாத்தூர் மேட்டுத்தெருவில் காராச்சேவு மாஸ்டர் மாரிச்சாமியின் மகள் சங்கரேஸ்வரி தன் பெயரில் ஒரு வெப்சைட் கட்டி முடித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதை ஊர் உலகத்துக்குத் திறந்துவிட்ட நாள் முதலாக, அந்தப் பக்கத்தை யார் எங்கே உட்கார்ந்து திறந்தாலும், சென்னையில் திறந்தாலும் சிவகாசியில் திறந்தாலும், அவர்கள் முழு ஆளாக வந்து அந்த வீட்டு நடுக்கூடத்தில் நின்றார்கள். பார்த்து முடித்துப் பக்கத்தை மூடியதும் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டார்கள். இது ஏன் நடக்கிறது என்று மேட்டுத்தெருவில் யாரும் கேட்கவில்லை. வருகிறவர்களை எங்கே உட்கார வைப்பது என்றுதான் கேட்டார்கள்.

சங்கரி அப்போது பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். படிப்பு முடிக்கிற ஒவ்வொருவரும் தன் படம், தன் படிப்பு, தான் செய்த வேலைகள் எல்லாவற்றையும் அடுக்கி ஒரு வெப்சைட் வைத்திருக்க வேண்டும், கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று அத்தனையையும் பார்த்து ரெண்டே ரெண்டு பேரை வேலைக்கு எடுக்கும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். நாற்பத்தொரு பேரும் போன வருஷத்து அக்கா ஒருத்தி விட்டுப்போன மாதிரிப் பக்கத்தையே வாங்கி, பெயரை மட்டும் மாற்றி, 'நான் ஆர்வமும் உழைப்பும் மிக்கவள்' என்று இங்கிலீஷில் ஒரே மாதிரி எழுதி வைத்தார்கள். சங்கரியும் அப்படித்தான் எழுதினாள். ஆனால் அவளுக்கு அந்த வேலை மற்ற நாற்பது பேருக்கு வேண்டியிருந்ததைவிட ஒரு பங்கு கூடுதலாக வேண்டியிருந்தது. அவளைப் படிக்கவைக்கத்தான் அவள் அம்மா குருவம்மாள் குவைத்தில் ஒரு வீட்டில் சமைக்கவும் துவைக்கவும் போய் நாலு வருஷமும் ரெண்டு மாசமும் ஆகியிருந்தன. "ஒனக்கு வேலை கெடைக்கட்டும், மறுநாளே வந்துர்றேன்" என்பது அம்மாவின் வாக்கு.

முதலில் வந்தவர் வகுப்புப் பொறுப்பாளர் சுகந்தி மிஸ். கூடத்தில் நின்று மேலும் கீழும் பார்த்து, "கலர் கண்ணக் குத்துது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எதிர்வீட்டுச் செண்பகக்கனி அத்தை ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு வந்த சுக்குக் காப்பியை, எதை வாங்குகிறோம் என்றுகூடப் பார்க்காமல் வாங்கி ரெண்டு வாய் குடித்துவிட்டு மறைந்தார். மறுநாள் சங்கரி நைசாக விசாரித்ததில், மிஸ் அந்த நேரத்தில் ஸ்டாஃப் ரூமை விட்டு நகரவே இல்லை என்பதும், நாக்கில் மட்டும் வெகுநேரம் சுக்கு ருசி இருந்துகொண்டே இருந்தது என்பதும் தெரிந்தது. வருகிறவர்களுக்குத் தாங்கள் வந்தது தெரியாது. அவர்கள் கண்ணுக்குத் தங்கள் கையிலிருக்கும் பக்கம் மட்டும்தான் தெரியும்.

மறுநாளே பந்தல்கடையிலிருந்து பன்னிரண்டு பிளாஸ்டிக் சேர் வந்தது. மண்பானையில் நன்னாரித் தண்ணீர் வைத்தார்கள். ஆனால் வந்தவர்கள் எட்டு செகண்டுக்கு மேல் நிற்பதில்லை. "ஒரு வாய் தண்ணி குடிக்கக்கூட நேரமில்லாம இப்படி ஓடுறாகளே, நம்ம வீட்ல அப்படி என்ன கொறையக் கண்டாக?" என்று அத்தைக்கு மனசு விட்டுப்போயிற்று. வெப்சைட் பார்க்கிறவர்கள் எல்லா இடத்திலும் எட்டு செகண்டுதான் நிற்பார்கள், அதுதான் உலக வழக்கம் என்று சங்கரி எவ்வளவோ சொல்லியும் அத்தை அந்த உலகத்தை மன்னிக்கவில்லை. கல்லூரி விழாப் படங்களைச் சங்கரி அப்படியே பெரிதாகப் போட்டிருந்ததால், அவை வந்து சேரும்வரை பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே, சிலர் இடுப்புவரைக்கும் மட்டும், கொளுத்தும் வெயிலில் நின்றார்கள். "வந்த ஆள வெயில்ல நிறுத்துறது என்ன பழக்கம் தாயி?" என்று அடுத்த வீட்டுப் பேச்சிமுத்து மாமா சத்தம் போட்ட பிறகு அவள் படங்களைச் சுருக்கினாள். 'என் பணிகள்' என்ற பொத்தானுக்கு லிங்க் தப்பாகக் கொடுத்திருந்ததால், அதைத் தொட்டவர்கள் எல்லாரும் மாமாவின் ஆட்டுக்கொட்டத்தில் போய் நின்றார்கள். கூடப்படிக்கும் ஏழு பேர் ஆடுகளுக்கு நடுவில் நின்று திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்ததைத் தெருவே போய்ப் பார்த்தது. அதையும் சரி செய்தாள். தினமும் விடியக்காலையில் ஒல்லியான ஆள் ஒருவர் வந்து, வீட்டிலுள்ள ஒவ்வொரு எழுத்தையும் தொட்டு எண்ணிவிட்டுப் பேசாமல் போவார். இன்டர்நெட்டில் தேடித் தருகிற கம்பெனிக்காரர்கள், எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று குறித்துவர அனுப்புகிற ஆள் அவர் என்று சங்கரி சொன்னாள். யார் அனுப்பினால் என்ன என்று அத்தை அவருக்கும் ஒரு செம்பு நீச்சத்தண்ணி எடுத்து வைத்தாள். இப்படியாக, மூன்று வருஷம் கல்லூரி சொல்லிக்கொடுக்காததையெல்லாம் மேட்டுத்தெரு மூன்றே நாளில் சங்கரிக்குச் சொல்லிக்கொடுத்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குக் குருவம்மாள் வந்தாள்.

குவைத்தில் அப்போது ரெண்டு மணி. வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு ஓய்வு. எல்லாருக்கும் அனுப்பியதுபோல அம்மாவுக்கும் லிங்க்கை அனுப்பியிருந்த சங்கரி, அம்மாவும் ஆளாக வருவாள் என்பதை ஏனோ யோசிக்கவே இல்லை. தலையில் துணி கட்டி, நைட்டியின் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு, ஈரம் காயாத விரலால் காற்றில் எதையோ தடவித் தடவிப் பார்த்தபடி அம்மா நடுக்கூடத்தில் நின்றாள். முழுக்க இங்கிலீஷ். "என்னமோ அழகாத்தான் வச்சிருக்கா" என்றாள். போய்விட்டாள். பன்னிரண்டு செகண்ட்.

கடையிலிருந்து வந்து எண்ணெய்ப் பிசுக்குப் போகக் குளித்துக்கொண்டிருந்த மாரிச்சாமி, துண்டோடு வெளியே வந்தபோது மகள் சுவரோடு சாய்ந்து நிற்பதைப் பார்த்தார்.

"அம்மா வந்துட்டுப் போயிட்டாப்பா."

"எப்ப?"

"இப்பத்தான். இந்த எடத்துல."

மாரிச்சாமி அந்த இடத்தைப் பார்த்தார். "மெலிஞ்சிருக்காளா?" என்று கேட்டார். பிறகு, "கால்ல செருப்பு போட்டிருந்தாளா?" என்று கேட்டார். பிறகு தலையைத் துவட்டாமலே ஒரு சேரில் உட்கார்ந்துவிட்டார். போனில் பெண்டாட்டியோடு பேசும்போது சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா என்பதற்கு மேல் நாலு வருஷமாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத அந்த மனுஷன், அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. சங்கரிக்குத் தாங்கவில்லை.

குருவம்மாள் அஞ்சாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், விரல் வைத்து, வாய்விட்டு. மற்றவர்கள் எட்டு செகண்டில் கடக்கிற பக்கத்தைக் கடக்க அம்மாவுக்கு இருபது நிமிஷம் ஆகும் என்று சங்கரி கணக்குப் போட்டாள். ஆகவே தான் செய்த வேலைகளைத் தமிழில் விளக்கமாக எழுதினாள். முதலில் அதற்குத் தனியாக இன்னொரு வெப்சைட் கட்டிப் பார்த்தாள். அதைத் திறந்தால் யாரும் வரவில்லை, அது வெறும் வெப்சைட்டாக இருந்தது. கம்பெனிக்குக் கொடுத்திருந்த முதல் முகவரிக்குத்தான் ஆள் வந்தார்கள். அதனால் அதிலேயே, இங்கிலீஷுக்குக் கீழே போட்டால் அம்மா அதுவரை இறங்கிவர மாட்டாள் என்று, எல்லாவற்றுக்கும் மேலே போட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாலரைக்கு அம்மா வந்து, விரலை வைத்து, "நா...ன் அப்...பா வேலை பார்க்...கும் சேவுக் கடைக்...கு ஒரு வெப்...சைட் செய்...தேன்" என்று வாசிக்கத் தொடங்கினாள். எதிரே மாரிச்சாமி வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். நாலாவது நிமிஷம் செண்பகக்கனி அத்தை வாசற்படி ஏறி, "ஏ குருவு!" என்று ஒரு கூப்பாடு போட்டாள். தூக்கத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல அம்மா தலையைத் தூக்கினாள். கண் பக்கத்தைவிட்டு விலகியது. ஆள் இல்லை.

அத்தையை அன்றைக்குத் தெரு திட்டிய திட்டுக்கு அளவில்லை. ஆனால் சட்டம் என்ன என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது: வாசிக்கிறவரை இருப்பாள், தலை தூக்கினால் போய்விடுவாள். அவளிடம் விஷயத்தைச் சொல்லவும் கூடாது, சொன்னால் தேடிப் பார்க்கத் தலையைத் தூக்குவாள். மூன்றாம் வெள்ளிக்கிழமை தெருவில் மிக்ஸி ஓடவில்லை, டி.வி. ஓடவில்லை, பேச்சிமுத்து மாமா ஆடுகளை ஆற்றுப் பக்கம் ஓட்டிவிட்டார். அதற்கு முன்பாகவே, அம்மா வாயால் தன் பெயரையும் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொருவராக வந்து சங்கரியிடம் மனு கொடுத்திருந்தார்கள். அத்தைக்கு இடுப்புவலியை விசாரிக்க வேண்டும். மாமாவுக்கு, சினை ஆடு குட்டி போட்டுவிட்டதா என்று கேட்டால் போதும். எல்லாரும் போன பிறகு மாரிச்சாமி மெதுவாக மகள் பக்கத்தில் வந்து, "காலைல வெறும் வயித்தோட எண்ணெச்சட்டி முன்னால போயி நிக்காதீகன்னு வைவா. அத ஒரு வரி போடேன்" என்றார்.

சங்கரி எல்லாவற்றையும் தன் வேலைகளுக்கு நடுவில் நுழைத்து எழுதினாள். குருவம்மாள் வந்தாள், வாசித்தாள். "எதிர்...வீட்டுச் செண்...பகக்கனி மதினி, இடுப்...பு வலி எப்படி இருக்...கு" என்று வாசித்தபோது அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல், 'பரவால்ல' என்று தலையை ஆட்டினாள். "இதையெல்லாமா கம்ப்யூட்டர்ல எழுதுவாக" என்று அம்மா தனக்குள் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மறுபடி விரலை வைத்தாள். இருபத்தாறு நிமிஷம் இருந்தாள். தெருவுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை, தேருக்குப் போய்வந்தவர்கள்போல அன்று முழுக்க அதையே பேசினார்கள்.

மாரிச்சாமி மட்டும் பேசவில்லை.

"ஏம்ப்பா, ஒங்க வரியத்தான் வாசிச்சாளே?"

"வாசிச்சா தாயி. நல்லாத்தான் இருந்துச்சு." அவள் நின்ற இடத்தைப் பார்த்தபடி சொன்னார்: "ஆனா அது நீ சொன்னதுதான? நீ எழுதுனத அவ வாசிக்கிறா. நடுவுல ஒரு சிரிப்பு சிரிச்சால்ல, அது மட்டுந்தான் அவளோடது."

சங்கரிக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால், இந்த நாலு வருஷத்தில் அம்மா தன் மனசிலிருப்பதைத் தானாக ஒரு வார்த்தை சொன்னதே இல்லை, கேட்டதற்குப் பதில்தான் சொல்லியிருக்கிறாள். நல்லா இருக்கியாம்மா என்றால் நல்லா இருக்கேன். இவர்களும் வேறெதுவும் கேட்டதில்லை. ரெண்டு நாள் அவளுக்குப் பாடம் ஏறவில்லை. மூன்றாம் நாள், எல்லா வெப்சைட்டிலும் கடைசியில் ஒரு கட்டம் இருக்குமே, பார்க்க வந்தவர்கள் தங்கள் பெயரையும் சொல்ல வேண்டியதையும் எழுதி அனுப்புகிற கட்டம், அது நினைவுக்கு வந்தது. மாதிரிப் பக்கத்தோடு வந்த அந்தக் கட்டம் இங்கிலீஷில் எங்கேயோ அடியில் கிடந்தது. அதை எடுத்துத் தமிழாக்கி, அம்மா வாசித்து முடிக்கிற இடத்துக்கு நேர் கீழே வைத்தாள். எழுதும்போதும் கண் பக்கத்தில்தானே இருக்கும்? எழுதுவதையும் அம்மா வாய்விட்டுத்தானே எழுதுவாள்?

வினை அதற்குள் வேறு பக்கமிருந்து வந்தது. சுகந்தி மிஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "சங்கரி, இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயம்புத்தூர்ல இருந்து பாக்குறாங்க. நீ என்னடான்னா மேல தமிழ்ல தெருக்கதையா எழுதி வச்சிருக்க. இடுப்பு வலி, ஆட்டுக்குட்டி எல்லாம் இருக்கு. அதத் தாண்டி யாரும்மா கீழ எறங்கிப் பாப்பா? அன்னிக்கு ஒரு நாளாவது எடுத்துரு."

எடுத்துவிடலாம், ஒரு வாரம்தானே என்று சங்கரியும் நினைத்தாள். ஆனால் அன்றைக்கே அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. சனிக்கிழமை முதலாளி குடும்பம் அவளையும் கூட்டிக்கொண்டு வேறு நாட்டு மலைப்பக்கம் போகிறது, திரும்ப ரெண்டு மாசம் ஆகும், அங்கே போன் எடுக்குமோ எடுக்காதோ தெரியாது.

தமிழை எடுத்தால் வேலை கிடைக்கலாம், வேலை கிடைத்தால் அம்மா ஒரேயடியாக வந்துவிடுவாள். எடுக்காவிட்டால் அரை மணி நேரம் மட்டும் வருவாள். யாரைக் கேட்டாலும் எடு என்றுதான் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளும் எடுக்கத்தான் உட்கார்ந்தாள், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நீலமாக்கி, அழிக்கிற பொத்தானில் விரலை வைத்தும்விட்டாள். அப்போது மாரிச்சாமி கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, முகம் மழித்து, மீசையை ஒதுக்கி, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்போல வந்து நின்றார். "நேரமிருக்குல்ல தாயி?" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் அழிக்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும் என்று அவள் நினைக்கவில்லை. போய்விடுமே என்ற பயத்தோடுதான் விரலை எடுத்தாள்.

நாலரைக்கு அம்மா வந்தாள். தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாலே முக்காலுக்கு, கழுத்தில் அடையாள அட்டையும் கண்ணில் கண்ணாடியுமாக, நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் குருவம்மாளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இவர்தான் அவர் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. மாமா ஒரு சேரை நகர்த்திப் போட, பார்க்காமலே உட்கார்ந்தார். அத்தை நீட்டிய தண்ணீரைப் பார்க்காமலே வாங்கிக் குடித்தார். எட்டு செகண்ட் ஆயிற்று. போகவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார், மறுபடி மேலே வந்து தமிழை முதலிலிருந்து வாசித்தார், ஆட்டுக்குட்டி வந்த இடத்தில், பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், ஒன்பது நிமிஷம் கழித்து, நல்லது கெட்டது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் மறைந்தார். தெரு சங்கரியைப் பார்த்தது. சங்கரி அந்த ஆளைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் விரல் கட்டத்துக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

"உங்...கள் பெயர்" என்று வாசித்தாள் குருவம்மாள். கொஞ்சம் தயங்கி, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிச் சொல்லி, "கு...ரு...வ...ம்...மா...ள்" என்று எழுதினாள்.

"சொல்...ல வேண்...டியது" என்று வாசித்தாள்.

விரல் நின்றுவிட்டது. அவ்வளவு நேரம் நின்றதில் போனின் வெளிச்சம் மங்கியிருக்க வேண்டும், காலிலிருந்து மேலாக அவள் உருவம் வெளுக்கத் தொடங்கியது. முழங்கால் போயிற்று, இடுப்பு போயிற்று. மாரிச்சாமி எழுந்துவிட்டார். அந்நேரம் விரல் அசைந்தது, ஆள் முழுசாகத் திரும்பி வந்தாள், வந்து மெல்லிய குரலில், எழுத்து எழுத்தாகச் சொல்லி எழுதினாள்.

"வேலை... கெடைக்...கிற வரைக்...கும்... என்னால... இங்...க இருக்க... முடியல. இப்...பவே... வந்துரட்...டுமா?"

குருவம்மாள் தான் எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விரலை ஒரே இடத்தில் வைத்து அழுத்தினாள், ரொம்ப நேரம் அழுத்திக்கொண்டே இருந்தாள். அது அழிக்கிற பொத்தான் என்பது சங்கரிக்குத் தெரியும். அதன் பிறகு அம்மா வேகமாக, பழகிய கையோடு, வேறொன்றை எழுதி, பொத்தானைத் தொட்டுவிட்டுப் போனாள்.

சங்கரியின் போனில் செய்தி வந்து விழுந்தது. 'பெயர்: குருவம்மாள். சொல்ல வேண்டியது: ரொம்ப நல்லா இருக்கு. வேளைக்குச் சாப்பிடுங்க.'

மாரிச்சாமி கையை நீட்டினார். நாலு வருஷத்தில் தானாக ஒரு தடவை போன் போட்டறியாதவர், மகளிடமிருந்து போனை வாங்கி, நம்பரைத் தானே தேடி அமுக்கி, காதில் வைத்துக்கொண்டார்.

"என்னங்க? ஏங்க, என்ன ஆச்சு?" என்றது அம்மாவின் குரல், பதறி.

"ஒண்ணும் ஆகல. நீ கெளம்பி வா."

"புள்ளைக்கு இன்னும் வேலை..."

"அது கெடைக்கிறப்ப கெடைக்கட்டும், அவ பாத்துக்குவா. நீ வா குருவம்மா."

"நான் எதுவும் சொல்லலையே. வரணும்னு நான் ஒங்கள்ட்ட எப்பச் சொன்னேன்?"

"இப்பத்தான் சொன்ன," என்றார் மாரிச்சாமி. "தெருவே கேட்டுச்சு."